அப்பாவுக்கு எஃப்.சி.

எங்கள் குடும்பத்தில் எதையும் கழுவாமல் அதிகாரியிடம் காட்டுவதில்லை. லாரிக்காரர்களுக்கு இது சாமி கும்பிடுவதற்குச் சமமான ஒழுக்கம். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியை விடுவதற்கு முன்னால் பெயின்ட் அடிப்போம். ஓட்டையை அடைப்போம். அடுத்தவர் வண்டியின் நல்ல டயரை ஒரு நாளைக்கு வாங்கி மாட்டுவோம். அதிகாரி சுற்றி வந்து பார்க்கும்போது வண்டி கல்யாணப் பெண் மாதிரி நிற்கும். கையெழுத்து விழுந்ததும் டயரைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவோம். மறுநாள் வண்டி பழையபடி புகை கக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். சர்க்காரும் ஜனங்களும் ஒருவரையொருவர் நம்பி வாழ்வது இப்படித்தான்.

இந்த ஒழுக்கத்தால்தான் என் அப்பா மாட்டிக்கொண்டார்.

அப்பா பெயர் செங்கோடன். வீடு சேந்தமங்கலத்தில், லாரி சங்ககிரியில். பல வருஷமாக ஹெவி டிரைவர். அதில் கடைசி மூன்று வருஷம் முடக்குவாதம். விரல் முட்டி ஒவ்வொன்றும் நெல்லிக்காய் மாதிரி வீங்கிக்கொள்ளும். காலையில் மடங்கவே மடங்காது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் மடங்கும். மேகம் போட்டால் அன்றைக்கு முழுக்க விரலுக்கு லீவு. ஒரு நாள் விடியும் நேரத்தில் ஷெட்டில் வண்டியை நிறுத்தியவர் இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் பிடித்தபடியே நின்றுவிட்டன. கிளீனர் ஏறி ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். ஓனர் நல்ல மனிதர். ஊட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு என்று சொன்னார். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள், இனி ஸ்டியரிங்கைத் தொட்டால் மூட்டும் போகும், எதிரில் வருபவன் உயிரும் போகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா சரிதா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறார். நான் அதே பண்ணையில் முட்டை அடுக்குகிறேன். பத்தாவதோடு நின்றுவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், கதைக்குத் தேவையில்லை. மாற்றுத்திறனாளி என்று சான்று கிடைத்து மாதாமாதம் உதவித்தொகை வந்தால் அப்பா வண்டி ஓட்டாமல் இருக்கலாம். வராவிட்டால் ஓட்டியாக வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டவர் பாலசுந்தரம் சார். அந்த அலுவலகத்தில் அவர்தான் எல்லாம். எந்த உறுப்பு என்று கேட்டார். கையும் பிடிக்கிறது, காலும் பிடிக்கிறது என்று அம்மா சொன்னார்.

"ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு உறுப்பும்மா. கம்ப்யூட்டர்ல ஒரு கட்டம்தான் இருக்கு. காலுக்கு அடுத்த வருஷம் தனியா அப்ளை பண்ணிக்கங்க."

கை என்று எழுதினோம். டிரைவர் ஆயிற்றே.

"குறைபாடு நிரந்தரமா, தற்காலிகமா?"

அப்பா யோசித்தார். பொய் சொல்ல வராது அவருக்கு. "காலைல நிரந்தரமுங்க. மத்தியானம் தற்காலிகமுங்க."

பாலசுந்தரம் சார் பேனாவை மூடிவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, முகாமுக்கு வாருங்கள், டாக்டர் முடிவு செய்வார் என்றார்.

முகாம் நாளன்று அம்மா செய்ததைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். காலையில் அப்பாவின் கையை உப்புப் போட்ட சுடுதண்ணீரில் ஊறவைத்தார். விளக்கெண்ணெய் தேய்த்து ஒவ்வொரு விரலாக நீவிவிட்டார். பெரிய மாத்திரையைக் கொடுத்தார். முகச்சவரம் செய்துவிட்டார். எதிர் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை வாங்கி மாட்டிவிட்டார், நல்ல டயர் மாட்டுகிற மாதிரி. வண்டியைச் சூடு பண்ணாமல் கொண்டுபோய் நிறுத்தினால் அதிகாரி நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்பது அம்மாவின் கவலை.

எலும்பு டாக்டர் கையை மடக்கச் சொன்னார். அப்பா மடக்கினார். மூன்று வருஷத்தில் அவர் அவ்வளவு அழகாக மடக்கி நான் பார்த்ததில்லை. திரும்பச் சொன்னார், திரும்ப மடக்கினார். அம்மா என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். அவர் பக்கத்து டாக்டர் காதில் ஏதோ சொல்ல, அந்த டாக்டர் இன்னொரு டாக்டரைப் பார்க்க, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

முப்பத்தெட்டு சதவீதம்.

பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். நான் கணக்கில் எடுத்ததைவிட அப்பா அதிகம். மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டில் போண்டா சாப்பிட்டுவிட்டு வந்தோம். உதவித்தொகைக்கு நாற்பது வேண்டும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சொன்னவர் ஹபீப் பாய். ஊரில் பாதி லாரிக்கு எஃப்.சி. வாங்கித் தருபவர், அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனம்மா சரிதா, இனி ஓடாதுன்னு கண்டம் பண்ற வண்டிக்கு யாராச்சும் பெயின்ட் அடிப்பாங்களா?"

"கழுவிக் கொண்டாங்கன்னு இத்தன வருசமா நீங்கதானுங்க பாய் சொன்னீங்க."

"அது லாரிக்கும்மா. லாரி நல்லாருந்தாத்தான் கையெழுத்து உழுகும். மனுசன் கெட்டுப்போயிருந்தாத்தான் உழுகும். இந்த வித்தியாசம் தெரியாம இத்தன நாளா லாரிய நம்பிப் பொழைக்கறீங்க."

மறு மதிப்பீட்டுக்கு எழுதிப் போட்டோம். அதற்கு ஆறு மாசம். இந்த முறை பாய் சொன்னபடி அப்பாவைக் கண்டம் செய்யத் தயார்ப்படுத்தினோம். சுடுதண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை, மாத்திரை இல்லை, சவரம் இல்லை. கிரீஸ் பட்ட காக்கிச் சட்டை. அப்பாவின் விரல்கள் பத்தும் விறைத்துக்கொண்டு, பார்க்கவே திருப்தியாக இருந்தது.

ஆனால் அன்றைக்கு நடந்தது முகாம் இல்லை, தன்னம்பிக்கைத் திருவிழா. முகாம் என்று பெயர் வைப்பது பழைய பாணியாகிவிட்டதாம். வாசலில் பலூன். மேடையில் கோட் போட்ட ஒருவர், ஊனம் உடலில் இல்லை, மனதில்தான் இருக்கிறது என்று மைக் பிடித்து முழங்கிக்கொண்டிருந்தார். கைதட்டச் சொன்னார். கீழே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரால் தட்ட முடியாது. தட்ட முடிந்தவர்கள், சதவீதம் குறைந்துவிடுமோ என்று தட்டவில்லை. அம்மா மட்டும் எழுந்து நின்று, அப்படியானால் மனசுக்கு எத்தனை சதவீதம் போடுவீர்கள் என்று கேட்டார். கோட் போட்டவர் அதை நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு வேறு விஷயத்துக்குப் போனார்.

டாக்டரைப் பார்க்கும் முன் எல்லோரும் பலூனுக்கு நடுவில் நின்று கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. அப்பாவுக்கு மற்ற நான்கு விரலும் மடங்கவில்லை. கையை விரித்தபடியே காட்டினார். பாலசுந்தரம் சார் பதறிக்கொண்டு ஓடிவந்தார். அது ஒரு கட்சிச் சின்னம், அரசு விழாவில் காட்டினால் தன் வேலை போய்விடும் என்றார். மடங்கவில்லை என்று அப்பா சொன்னார். "ஒரு நிமிஷம்தானுங்க" என்று சொல்லி, பாலசுந்தரம் சாரே அப்பாவின் நான்கு விரலையும் ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கி மடித்தார். அப்பா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படம் எடுத்ததும் விட்டார். படத்தில் பாலசுந்தரம் சார் விழவில்லை. அப்பா ஆனந்தக் கண்ணீரோடு கட்டைவிரலை உயர்த்தி நிற்பது மட்டும் விழுந்தது.

உள்ளே போவதற்குள் படம் டாக்டரின் மேஜைக்குப் போய்விட்டது.

"இதுல நல்லா மடங்கியிருக்கே" என்றார் டாக்டர்.

"அது அந்த சார் மடிச்சு உட்டதுங்க" என்றேன் நான்.

"யார் மடிச்சா என்னம்மா? மடங்குச்சா, இல்லையா?"

"தானா மடங்கணும் இல்லீங்களா?"

"தானா மடங்கணும்னு விதியில எங்கயும் இல்ல."

முப்பத்தெட்டு. போன தடவை போட்ட எண்ணை மாற்றினால் போன தடவை தப்பு என்று ஆகிவிடும் என்பதையும் டாக்டர் அன்போடு விளக்கினார்.

வெளியே பாலசுந்தரம் சார் அப்பாவின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். அப்போதுதான் புரிந்தது, அவருக்கு அப்பாவைப் பிடித்துப்போய்விட்டது. அலுவலக ஜீப் டிரைவர் போன மாசம் ஓய்வு பெற்றுவிட்டாராம். வேலைக்கு மனுப் போட்டவர்களில் சிலர் உடல் தகுதிக்கு எங்கேயோ ஒரு கிளினிக்கில் எழுதி வாங்கிய சீட்டைக் காட்டினார்களாம். அப்பாவிடம் மட்டும்தான் அரசு டாக்டர்கள் மூன்று பேர் சேர்ந்து, அதுவும் இரண்டு முறை, பெரிய குறை ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்ட சான்று இருக்கிறது. இந்த மாவட்டத்திலேயே இவ்வளவு ஆரோக்கியமான டிரைவர் கிடையாது.

அப்பா உண்மையைச் சொன்னார். காலையில் விரல் மடங்காது, ஓட்டினால் ஆபத்து என்றார்.

"செங்கோடன், மூணு டாக்டர் கையெழுத்தப் பொய்ங்கறீங்களா? யோசிச்சுப் பேசுங்க. அது வேற மாதிரி போயிரும்."

அன்றிரவு வீட்டில் பேச்சு அந்த ஜீப் வேலையைப் பற்றித்தான். அம்மா வேண்டாம் என்றார். எனக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தது. அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தன பேரு படிச்சவிங்க சொல்றாங்க, நல்லாத்தான் இருக்கறன்னு. கைக்குத்தான் வெவரம் பத்தல, சாமி" என்றார் என்னிடம். காலியாகக் கிடந்த அரிசி டப்பாவும் அதையேதான் சொன்னது.

வேலைக்குச் சேர்ந்தார். நானும் கூடப் போனேன், சம்பளம் இல்லாமல். காலையில் ஜீப் கதவைத் திறந்து, அப்பாவை உட்காரவைத்து, ஒவ்வொரு விரலாக ஸ்டியரிங்கில் எடுத்து வைப்பது என் வேலை. பாலசுந்தரம் சார் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். அப்பா மேல் மகளுக்கு என்ன பாசம் என்று அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கொல்லிமலையில் முகாம். மலை ஜனங்களின் வாசலுக்கே அரசு போகிறதாம். பாலசுந்தரம் சாரும் எலும்பு டாக்டரும் பின்னால் ஏறினார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு. முதல் சில வளைவு வரைக்கும் பாலசுந்தரம் சார் இயற்கையை ரசித்தார். பாதி மலையில் மேகம் இறங்கியது. மேகம் இறங்கினால் அப்பாவின் விரலுக்கு லீவு என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

ஸ்டியரிங்கை அப்பா முழங்கையால் ஒடித்துத் திருப்புவதை முதலில் கவனித்தவர் டாக்டர்தான்.

"ஏன் இப்படி ஓட்டறீங்க? கைல பிடிங்க."

"புடிக்க வரலீங்க."

"என்னது? அப்ப பிரேக்கு?"

"பிரேக்கு காலுங்க."

"கால் நல்லா இருக்கில்ல?" இது பாலசுந்தரம் சார்.

"அதுவும் புடிச்சுக்கும்ங்க. காலுக்கு அடுத்த வருசம் அப்ளை பண்ணச் சொல்லீருக்கறீங்க."

அடுத்த வளைவு பாதி திரும்பியது. மீதியைத் திருப்ப முழங்கை போதவில்லை. வண்டி நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போனது.

"செங்கோடன், நிறுத்துங்க. உங்களுக்கு நூறு சதவீதம் போடறேன்" என்றார் டாக்டர்.

"மறு மதிப்பீட்டுக்கு ஆறு மாசம் ஆகும்ங்களே" என்றார் அப்பா. கிண்டல் இல்லை. அவருக்குக் கிண்டல் வராது.

நான் இரண்டு கையாலும் கைப்பிரேக்கை இழுத்தேன். முன்சக்கரம் தடுப்புச் சுவரில் முட்டி நின்றது. சாரும் டாக்டரும் இறங்கி, சொல்லிக்கொள்ளாமல் நடந்தே போய்ப் பஸ் ஏறினார்கள்.

பிறகு இதைப் பற்றி ஒரு கூட்டம் போட்டார்களாம். நாற்பதுக்கு மேல் போட்டால் பழைய கையெழுத்து எல்லாம் பொய்யாகிவிடும். வேலை கொடுத்ததும் தப்பாகிவிடும். அதனால் அனைத்து அம்சங்களையும் நன்கு பரிசீலித்து, செங்கோடன் பூரண நலத்துடன் இருப்பதாக மூன்றாவது முறையும் சான்றளித்தார்கள். அந்த ஜீப்பில் அதிகாரிகள் ஏற வேண்டாம் என்று மட்டும் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அது இப்போது மலையிலிருந்து மாற்றுத்திறனாளிகளை முகாமுக்கு இலவசமாக ஏற்றி வருகிறது. மலையில் ஜீப் ஏறும்போது முப்பத்தெட்டு இருப்பவர், கீழே வந்து சேரும்போது நாற்பதைத் தாண்டிவிடுவார் என்று ஹபீப் பாய் சொல்கிறார்.

அந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் ஒதுங்கிப் போங்கள். அப்பா உள்ளங்கையால் ஹார்ன் அடித்துவிடுவார், ஒடிக்கத்தான் நேரமாகும். கைப்பிரேக் என் பொறுப்பு. எனக்கு இன்னும் லைசென்ஸ் எடுக்கிற வயசு ஆகவில்லை.

போன மாசம் ஜீப்பை எஃப்.சி.க்கு விட்டோம். நாங்கள்தான் கழுவி, பெயின்ட் அடித்துக் கொடுத்தோம். பாஸாகிவிட்டது. டயர் ஹபீப் பாய் கொடுத்தது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.