கழுத்தில் ஒரு கீறல்

என் கணவர் இன்னொரு பெண்ணிடம் மனசைப் பறிகொடுத்தார். ஒளிவு மறைவெல்லாம் கிடையாது. என் சாப்பாட்டு மேஜையிலேயே, கையில் பூதக்கண்ணாடியோடு.

இவர் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவர். வருகிறவர்களையெல்லாம் கடைசி வரி பொடி எழுத்துவரை படிக்க வைப்பார். தன் நெற்றிமேல் ஏற்றி வைத்த கண்ணாடியை மட்டும் நான்தான் கண்டுபிடித்துத் தர வேண்டும்.

இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது பரணில் ஒரு பேஸ் கிதார் கிடந்தது. நாலே நாலு தடிக் கம்பி. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இவர் அதைப் படமெடுத்துக்கொண்டு பழைய வாத்தியக் கடைக்குப் போனார். கடைக்காரர், "கழுத்து சேர்ற இடத்துத் தகட்டுல நம்பர் இருக்கும் சார், அதை வச்சு வருஷம் சொல்லிடலாம். இதுல யாரோ தகட்டையே மாத்திட்டாங்க. திருகைக் கழட்டிடாதீங்க, மதிப்பு போயிடும். மத்த அடையாளத்தை வச்சே ஆதி காலத்து உருப்படின்னு நிரூபிங்க. கிதாருக்குப் பதிலா அந்த டெலஸ்கோப்பைத் தந்துடறேன்" என்றாராம்.

கடை அலமாரியில் இருந்த பித்தளை டெலஸ்கோப். அதைப் பற்றிச் சொல்லும்போதே இவர் கண் நிலவுக்குப் போய்விட்டது.

எனக்குத்தான் அதைக் கொடுக்க மனசில்லை. ஏனென்றால் அந்தக் கிதாரை மத்தியானங்களில் நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

தூசி தட்டப் போய்த்தான் தொடங்கியது. துணி பட்டு ஒரு கம்பி அதிர்ந்தது. ஒலிபெருக்கிப் பெட்டியில் இணைக்காவிட்டால் அதன் குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. மடியில் வைத்திருப்பவள் வயிற்றில்தான் கேட்கும். கான்வென்ட்டில் இரண்டு பேர் சேர்ந்து பியானோ வாசிக்கும்போது சிஸ்டர் எனக்கு எப்போதும் இடது ஓரத்தைத்தான் தருவார். பாட்டும் கைதட்டலும் வலப்பக்கத்துக்காரிக்கு. கீழ்ச் சுரத்தில் நின்று தாங்குகிற வேலை எனக்கு. அதே வேலை இத்தனை காலம் கழித்து மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜன்னல் திரை மெல்ல உப்பிப் படியும். குழாய் சொட்டும். நான் சொட்டுக்கு ஒரு சுரம் கொடுப்பேன். வீடு முழுக்க மெதுவாக எங்கேயோ மிதந்து போகிற மாதிரி இருக்கும். அழைப்புமணி அடித்தால் கரை தட்டும்.

இவர் ஆராய்ச்சி தொடர்ந்தது. குளியலறைத் தராசில் நிறுத்தார். முகர்ந்தார். தட்டினார். ஒரு மாலை, "இங்க வா!" என்று கத்தினார்.

"என்ன, பல்லியா?"

"கழுத்துக்குப் பின்னால பாரு. கீறல். மோதிரக் கீறல்!"

என் இடது கை தானாக முந்தானைக்குள் போயிற்று.

"ஆம்பளை மோதிரம் இவ்வளவு மெல்லிசா இருக்காது. வாசிச்சது ஒரு பெண். வாசனையைப் பாரு, ஏதோ பழைய காலத்துத் தைலம்."

பாத்திரம் தேய்த்து வெடித்த கைக்கு நான் பூசுகிற களிம்பு அது. தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

"கப்பல்ல வாசிச்சிருப்பா," என்றார், கண்ணை மூடிக்கொண்டு. "கீழ்த்தளத்துல பெரிய கூடம். எல்லாரும் ஆடுவாங்க. இவ மட்டும் அசைய மாட்டா. ஆனா இவ நிறுத்தினா அத்தனை காலும் நின்னுடும்."

தட்டு துடைத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி இவர் இவ்வளவு அழகாகப் பேசியதே இல்லை.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, கடைக்காரர் அசந்துட்டார். ஆதி காலத்துல பெண்கள் வாசிச்சது அபூர்வமாம். ஞாயித்துக்கிழமை டெலஸ்கோப்போட வர்றார்."

கெட்டது குடி. என் கீறலே எனக்கு வினையாகிவிட்டது. 'வேண்டாம், இருக்கட்டும்' என்று கேட்டால் ஏன் என்பார். இவரிடம் எதையும் நேராகக் கேட்டு வாங்கிய சரித்திரமும் இல்லை. வேறு வழி பிடித்தேன்.

"சீக்கிரம் தொலையட்டும். அந்தப் பொம்பளை பொருள் என் வீட்டுல இருக்கக் கூடாது."

"எந்தப் பொம்பளை?"

"அதான், கப்பல்ல அசையாம நிக்கிறாளே."

"பைத்தியம், அவ எந்தக் காலத்து ஆளோ!"

"காலம் தெரிஞ்சா நீங்க ஏன் பூதக்கண்ணாடியும் கையுமா அலையுறீங்க? குடுத்துடுங்க. அவன் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டுவான். போறவன் வர்றவனெல்லாம் கழுத்தைத் தடவிப் பார்ப்பான். நல்லா வேணும் அவளுக்கு."

இவர் முகம் வெளிறியது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. நான் தினமும் ஒரு வேளை திட்டினேன். திட்டத் திட்ட இவர் கிதாரின் மேல் துண்டைப் போர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் நீளப் பெட்டியோடு கூடத்துக்கு வந்தார். நான் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பெட்டி திறக்கிற சத்தம். இவர் எச்சில் விழுங்குகிற சத்தம்.

"குடுத்து அனுப்புங்க, சனியன் ஒழியட்டும்!" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தேன்.

"நீ சும்மா இரு!" கல்யாணமான நாளிலிருந்து இவர் உதிர்த்த முதல் வீர வசனம். "மன்னிச்சிடுங்க. அவளை என்னால பிரிய முடியாது."

"அப்ப டெலஸ்கோப்பை ஸ்கூல் வாத்தியார் கேட்டுட்டே இருக்கார் சார். போற வழியில அவருக்குக் குடுத்துடறேன். அப்புறம் கேட்கக் கூடாது."

"கேட்க மாட்டேன்."

ஜெயித்த தெம்பில் நானே தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அங்கேதான் சறுக்கியது.

"அட, அக்கா! உங்க வீடா இது?" என்றார் கடைக்காரர். "போன மாசம் வாங்கிட்டுப் போனீங்களே பேஸ் கம்பி, எப்படிப் பேசுது? ஆரம்பத்துல விரலைக் கிழிச்சிருக்குமே?"

தண்ணீரைக் குடித்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

இவர் என் இடது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். விரல் நுனியில் காய்த்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார். கீறலைப் பார்த்தார். கையை முகர்ந்தார்.

"நீயா?"

"நான்தான்."

"கப்பல்?"

"எனக்குக் குளத்துப் படகே குமட்டும்."

கிதாரை வாங்கி அதன் உடம்பை மேஜையோடு ஒட்டி வைத்துத் தடிக் கம்பியை மீட்டினேன். மேஜை மரம் முழுக்க முனகியது. இவர் தலையைச் சாய்த்து மரத்தில் காதை வைத்தார். கண் மூடியது. ஒரு நிமிஷம் அந்தக் கூடமும், ஆடுகிறவர்களும், அசையாமல் நிற்கிறவளும் இவர் முகத்தில் வந்து போனார்கள்.

கீழே வண்டி உறுமிப் புறப்பட்டது. இவர் கண்ணைத் திறந்தார்: டெலஸ்கோப் போய்விட்டது, கப்பல்காரியும் போய்விட்டாள், எதிரே மிச்சம் இருந்தது நான்தான்.