கடைசி இடத்துக்குக் கடும் போட்டி

ஜெயிப்பது எல்லா ஊரிலும் நடக்கிற சாதாரணக் காரியம். முறைப்படி, பண்போடு, கமிட்டி கூடித் தீர்மானம் போட்டுத் தோற்பது எப்படி என்று இந்தப் பூமிக்குச் சொல்லிக்கொடுத்த ஊர் போடிநாயக்கனூர் ஒன்றுதான். இதை ஊர்ப் பெருமைக்காக நான் அளந்துவிடவில்லை. போடி மலைச்சரக்கு வியாபாரிகள் சகாய சங்கத்துக்கும், அந்தச் சங்கம் நடத்திய கூடைப்பந்துக் கழகத்துக்கும் கௌரவச் செயலாளராக இருந்தவன் என்ற பொறுப்பில் சொல்கிறேன்.

தோற்கும் பண்பு எங்களுக்கு மைதானத்தில் வந்ததல்ல. எங்கள் சங்கத்தின் ஏலக்கூடத்தில் வந்தது. மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை இறங்கும். மாதிரிக் காயைத் தட்டில் கொட்டி வியாபாரிகள் முன்னால் வைப்பார்கள். அதை யார் எடுப்பது என்பது காலையிலேயே காப்பிக் கடையில் முடிவாகியிருக்கும். ஆகவே மற்றவர்கள் ஆளுக்கொரு காயை உரித்து, முகர்ந்து, முகத்தைச் சுளித்து, தலையை இடமும் வலமுமாக ஆட்டிவிட்டுத் தட்டை அடுத்தவர் பக்கம் தள்ளுவார்கள். எடுக்க வேண்டியவர் சல்லிசாக எடுத்துக்கொள்வார். அடுத்த தட்டுக்கு அவர் முகம் சுளிப்பார். இப்படி முறைவைத்துத் தோற்பதைச் சில பொறாமைக்காரர்கள் 'கூட்டுச் சதி' என்கிறார்கள். எங்கள் நடவடிக்கைக் குறிப்பில் இதற்கு 'விட்டுக்கொடுத்தல்' என்று பெயர்.

எழுபத்தொன்பதாம் வருடம் மலையடிவாரத்துக் கழகங்கள் எல்லாம் சேர்ந்து லீக் ஆட்டம் ஆரம்பித்தோம். எங்கள் தலைவர் காசிமாயன் முதலாளி ஏலக்கூடத்தில் பெரிய கை. அவர்தான் விதிகளை வகுத்தார். அதில் ஒரு விதி கருணையே உருவானது. பட்டியலில் கடைசியாக வரும் அணி, அடுத்த வருடம் லீக்குக்கு வருகிற புது ஆட்டக்காரர்களில் தனக்குப் பிடித்தவனை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நலிந்தவனுக்குக் கைகொடுப்பதற்காகத்தான் இந்த விதி. எல்லோரும் கைதட்டினோம்.

அந்த வருடம் பார்த்து, எஸ்டேட்டில் தராசு பிடிக்க கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தோமாச்சன் வந்து சேர்ந்தான். ஜீப்பில் அவன் உட்கார வேண்டுமானால் மேல்படுதாவைக் கழற்ற வேண்டும். நின்ற இடத்தில் கையைத் தூக்கினால் கூடைப்பந்து வளையத்தைப் பிடித்துக்கொள்வான். பந்தை அவன் அதுவரை தொட்டதில்லை என்பதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. அடுத்த வருடம் அவன் யாருக்கு என்பதுதான் கேள்வி. அடுத்த வாரத்திலிருந்து அடிவாரத்து அணிகள் ஒன்று பாக்கியில்லாமல் நலிய ஆரம்பித்தன.

எங்கள் கமிட்டி அவசரமாகக் கூடியது.

"தோக்கணும்," என்றார் தலைவர். "ஆனா தோக்கணும்னே வந்தாங்கென்னு எவனும் சொல்லிறக் கூடாது. காரணம் வேணும். எழுதுங்க செயலாளரே, மலங்காத்து ஒத்துக்கல."

"நம்ம ஆளுக மலையிலதான முதலாளி சோலி பாக்குறாங்கெ?" என்றேன்.

"அப்ப கீக்காத்து ஒத்துக்கலைன்னு எழுதுங்க."

கீழ்க்காற்று எங்களை ஒவ்வொரு ஆட்டத்திலும் கைவிடாமல் காப்பாற்றியது. மற்ற அணிகளுக்கு இவ்வளவு ஒழுக்கம் போதாது. கை தவறி ஒன்றிரண்டு ஆட்டங்களில் ஜெயித்துத் தொலைத்தார்கள். கடைசி ஆட்டம் நெருங்கியபோது, ஒன்றில்கூட ஜெயிக்காத அணிகள் இரண்டே இரண்டு. நாங்களும் ராசிங்காபுரமும். எங்கள் இருவருக்குள் நடக்கும் ஆட்டத்தில் யார் தோற்கிறார்களோ அவர்களுக்குத் தோமாச்சன்.

இந்தப் புனிதமான நேரத்தில்தான் பிச்சைமணி குறுக்கே வந்தான்.

பிச்சைமணி தலைவரின் ஜீப்பு ஓட்டுபவன். எங்கள் அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: பந்து கையில் கிடைத்தால் கூடையில் போட்டுவிடுவான். அதற்காகவே அந்த வருடம் முழுக்க அவனை பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம். அவனுடைய அப்பா சின்னச்சாமிக்கு மலைச்சரிவில் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. காயைச் சுமந்து இறக்கி எங்கள் கூடத்துக்குத்தான் கொண்டுவருவார்.

"முதலாளி, மதுரையிலருந்து கரண்டு வாரியத்து அதிகாரி ஆட்டம் பாக்க வர்றாரு," என்றான் பிச்சைமணி. "வாரிய டீமுக்கு ஒரு ஆள் எடுக்கிறாக. அரசாங்க வேலை. வர்ற சித்திரையோட எனக்கு வயசு தாண்டிரும். அப்பாவுக்கு முட்டி தேஞ்சு போச்சு, இனி மலையேற முடியாது. என்னைய ஆட விடுங்க."

"நீ ஆடுனா ஜெயிச்சிருவமேடா."

"அதுக்கு நான் என்ன செய்ய முதலாளி?"

தலைவர் மனிதாபிமானி. யோசித்து யோசித்து, வியாபாரியின் மூளைக்கு மட்டுமே எட்டக்கூடிய ஒரு வழியைக் கண்டுபிடித்தார்.

"சரி, ஆடு. எம்புட்டு வேணாலும் போட்டுக்க. அவங்கெ அதுக்கு மேல போடுற மாதிரி நாங்க பாத்துக்கிறோம்."

பிச்சைமணி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எனக்கே கண் கலங்கியது.

ஆட்டத்தன்று அடிவாரமே மைதானத்தைச் சுற்றி நின்றது. மதுரை ரயிலில் வந்திறங்கிய அதிகாரியை நாற்காலியில் உட்கார வைத்து, ஏலக்காய் டீ கொடுத்து, கழுத்தில் மாலை போட்டோம். தோமாச்சன் வேலிக்கு வெளியே நின்றும் எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பார்த்தான். நடுவர் சோணை வாத்தியார் விசில் ஊதினார்.

முதல் நிமிடத்திலேயே ஒரு சிக்கல் தெரிந்தது. ராசிங்காபுரத்தாரும் எங்களைப் போலவே பண்பாளர்கள். பிச்சைமணி பந்தோடு வந்தால், கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு வழி விடுவதுபோல் ஐந்து பேரும் ஒதுங்கி நின்றார்கள். அவன் கூடை மேல் கூடையாகப் போட்டான். ஆனால் பந்து தங்கள் கைக்கு வந்தால், அதைத் தொட்டால் தீட்டு என்பதுபோல் எங்கள் ஆட்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

"அவங்கெ போட மாட்டேங்கிறாங்கெ முதலாளி!" என்று எங்கள் ஆட்டக்காரன் ஒருவன் அலறினான்.

"அவங்கெ போடாட்டி என்ன, அவங்களுக்காக நீ போடு!"

எங்கள் கூடையில் நாங்களே போட்டால் புள்ளி எதிரிக்குப் போகும். ஆனால் வேண்டுமென்றே போட்டால் செல்லாது, தவறி விழுந்தால்தான் செல்லும் என்பது விதி. ஆகவே எங்கள் நான்கு பேரும் சொந்தக் கூடையில் பந்தைப் போடும் ஒவ்வொரு தடவையும் தலையில் கைவைத்து "அய்யய்யோ!" என்று கத்தினார்கள். சோணை வாத்தியார் நேர்மையானவர். அய்யய்யோ காதில் விழாத கூடையை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

ராசிங்காபுரத்தார் விடுவார்களா? எங்கள் கூடையை எங்களிடமிருந்து காப்பாற்ற ஓடி வந்தார்கள். மறித்தார்கள், தாவினார்கள், பந்தைத் தட்டிவிட்டார்கள். அந்த வருடம் முழுக்க நடந்த ஆட்டங்களில் அன்றைக்குத்தான் ஜனங்கள் உண்மையான தடுப்பாட்டத்தைப் பார்த்தார்கள். ராசிங்காபுரத்துக் கேப்டன் ராக்கையா எங்கள் கூடைக்குக் கீழே கையை விரித்துக்கொண்டு, "ஏலே, எங்களுக்கு ஒரு பாயிண்டுகூட வேணாமுடா! விட்டுருங்கடா!" என்று கெஞ்சினார். எங்கள் ஆட்கள் இரக்கமே காட்டவில்லை.

இந்த அமளியில் ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கத்தில் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். வேர்வை கொட்ட, வாயில் நுரை தள்ள, பிச்சைமணி ஓடினான், எம்பினான், போட்டான். யாரும் மறிக்கவில்லை என்பதற்காக அவன் ஒரு பந்தைக்கூட அலட்சியமாகப் போடவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் ராசிங்காபுரத்தான் ஒருவன் அவன் மேல் விழுந்ததற்கு ஒரு தனி வீச்சு கிடைத்தது. அதையும் போட்டான். நூறைத் தாண்டிவிட்டான் என்று மைக்கில் சொன்னபோது வேலியோரம் நின்றிருந்த சின்னச்சாமி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முடிய இன்னும் சில நொடி. பிச்சைமணி நூற்றியொன்று. ராசிங்காபுரம் நூறு. பந்து பிச்சைமணி கையில். அவன் போடக்கூட வேண்டாம், பிடித்துக்கொண்டு நின்றாலே போதும். ஆட்டமும் ஜெயிக்கும், வேலையும் கிடைக்கும்.

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து, அதிகாரிக்கு ஆட்டம் தெரியாதபடி முன்னால் போய் நின்றார். "பிடுங்குங்கடா!"

எங்கள் நான்கு பேரும் எங்கள் பிச்சைமணி மேல் பாய்ந்தார்கள். இரண்டு பேர் தோளைப் பிடிக்க, ஒருவன் இடுப்பைக் கட்ட, நான்காவது ஆள் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். "மாப்ளே, வேணாம்டா! மாப்ளே!" என்று பிச்சைமணி கத்தினான். ராசிங்காபுரத்தார் ஐந்து பேரும் குறுக்கே விழுந்து பார்த்தார்கள். பலிக்கவில்லை. பந்து எங்கள் கூடைக்குள் விழுந்தது. மைதானம் அதிர "அய்யய்யோ!" என்றான் பிடுங்கியவன். விசில் ஊதியது. நாங்கள் தோற்றோம்! பட்டாசு வெடித்தோம். ராசிங்காபுரத்து ஆட்கள் வெற்றி தாங்காமல் தரையில் உட்கார்ந்து அழுதார்கள்.

அதிகாரி எங்கள் தலைவரைத் தனியாக அழைத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"தனி ஆளா நூத்தியொரு பாயிண்ட் போட்டவன், கடைசி நேரத்துல பந்தை விடுறான்னா என்ன அர்த்தம்? அவன் யார்கிட்டயோ விலை போயிட்டானா? நீங்க பெரிய மனுஷர், நீங்க சொல்லுங்க. பையன் எப்படி?"

தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் விலை போகவில்லை, நாங்கள்தான் பிடுங்கினோம் என்று சொன்னால் பையனுக்கு வேலை கிடைக்கும். ஆனால் ஆட்டம் செல்லாமல் போய், தோமாச்சன் கை நழுவிவிடுவான். தலைவர் பொதுநலனை எண்ணிப் பார்த்தார். மூக்கைச் சற்றே உறிஞ்சினார். முகத்தைச் சுளித்தார். தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். ஒரு பொய்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை என்பதற்கு நானே சாட்சி.

அதிகாரி புள்ளிக் கணக்கரைக் கூப்பிட்டு, ஜெயித்த அணியில் யார் அதிகம் போட்டது என்று கேட்டார். தவறி விழுந்த கூடையெல்லாம் எதிரணிக் கேப்டன் பெயரில்தான் ஏறும் என்பது விதி. ஆக, அன்று கூடையைப் பார்த்து ஒருமுறைகூடப் பந்தை எறியாத ராக்கையாவின் பெயரில் நூற்றியிரண்டு புள்ளி இருந்தது. பிச்சைமணியின் சாதனை முறியடிக்கப்பட்டது.

"சார், நான் ஒண்ணுமே செய்யலை சார்," என்று ராக்கையா அழுதார்.

"இந்த அடக்கம்தாம்ப்பா வாரியத்துக்கு வேணும்," என்று அதிகாரி அவரைச் சாயங்கால ரயிலிலேயே கூட்டிக்கொண்டு போனார்.

தோமாச்சன் முறைப்படி எங்களுக்கு வந்தான். முதல் நாள் பயிற்சியில் பந்தைக் கையில் கொடுத்தோம். பார்த்தான், திருப்பிக் கொடுத்தான். "ஞான் களிக்கில்ல சாரே. அம்ம சம்மதிக்கில்ல," என்றான். அவன் ஆட அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாளாம். ஏலக்காய்ப் பருவம் முடிந்ததும் தராசைக் கழுவி வைத்துவிட்டு நாட்டுக்குப் போய்விட்டான்.

ஆனாலும் நாங்கள் நன்றி மறந்தவர்கள் அல்ல. பிச்சைமணிக்கு ஏலக்கூடத்திலேயே பாராட்டு விழா எடுத்தோம். பொன்னாடை போர்த்தி, 'தோல்வியிலும் துவளாத தனியாட்டச் சிங்கம்' என்று பட்டம் கொடுத்தோம். இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம். அவன் பொன்னாடையை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு, ஏலத்தட்டுகள் அடுக்கியிருந்த பக்கம் பார்த்துப் பேசினான்.

"எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. என்னைய மறிக்கிறதுக்கு எதிராளி ஒருத்தனும் வரலை, எங்காளுகதேன் வந்தீக. இப்பத்தேன் எனக்கு ஒண்ணு வெளங்குது. எங்கப்பன் காய் இந்தத் தட்டுல வரும்போதும் நீங்க அம்புட்டுப் பேரும் தோத்துட்டுத்தேன் போறீக. ஆனா வெறுஞ்சாக்கோட மொகம் செத்து வீட்டுக்கு வர்றது அவரு ஒருத்தருதேன்."

இது விழாவின் பொருளுக்குப் புறம்பானது என்று தலைவர் தீர்ப்பளித்தார். நான் குறிப்பில் ஏற்றவில்லை. காராசேவும் காப்பியும் கொடுத்துக் கூட்டத்தைச் சிறப்பாக முடித்தோம்.

அடுத்த ஏலத்தில் சின்னச்சாமியின் காய் தட்டில் வந்தது. பச்சை மாறாத, பருத்த, முதல் தரமான காய். அன்றைய முறை தலைவருடையது. நான் ஒரு காயை உரித்தேன். கூடம் முழுக்க மணந்தது. முகத்தைச் சுளித்துத் தட்டைத் தள்ளினேன். எனக்கு அடுத்தவரும் தள்ளினார், அவருக்கு அடுத்தவரும் தள்ளினார். வழக்கமான பெருந்தன்மையோடு எல்லோரும் தோற்றுவிட்டுத் தலைவரின் ஜீப்பில் ஏறினோம். பிச்சைமணிதான் ஓட்டினான்.

ஊர் தாண்டியதும், வெறுஞ்சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தேய்ந்த முட்டியோடு சின்னச்சாமி ரோட்டோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். ஜீப்பின் வேகம் குறைந்தது.

"அப்பா போறாரு. ஏத்திக்கிறவா முதலாளி?" என்றான் பிச்சைமணி.

தலைவர் பின்னால் திரும்பி எங்களைப் பார்த்தார். ஒருவர் நகர்ந்து உட்கார்ந்தால் இடம் இருந்தது. நாங்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்து, தலையை இடமும் வலமுமாக ஆட்டினோம்.