கொமிட்டிக் காக்காவும் ஏலக்காய் போடாத வட்டிலப்பமும்

தனியாக ஒரு முடிவும் எடுக்காமல் ஒரு மனிதன் வளர்ந்து, கடை நடத்தி, பிள்ளை பெற்று, தலை நரைக்கும்வரை வாழ்ந்துவிட முடியும் என்று உலகத்துக்கு நிரூபித்தவர், கல்முனையில் எங்கள் தெருவில் இருந்த கொமிட்டிக் காக்கா. உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அடையாள அட்டையில் இருக்கலாம். தெருவில் எல்லாருக்கும் அவர் அண்ணன், எங்கள் பக்கச் சொல்லில் காக்கா; அந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

காக்காவுக்கு பஸாரில் பெயின்ட் கடை. ஒரு நாள் என் வீட்டுக் கேட்டுக்கு நீலப் பெயின்ட் வாங்கப் போனேன்.

"நீலமா?" என்றார்.

அந்தக் கேள்வியோடு என் நீலம் ஆட்டம் கண்டுவிட்டது. பக்கத்துத் தையற்கடை செல்வராசா அண்ணனைக் கூப்பிட்டார். முன்னால் ஓட்டோவில் படுத்திருந்த பாயிஸை எழுப்பினார். அதுவும் போதாமல், பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த கோமாரிக்காரர் ஒருவரையும் உள்ளே இழுத்துவந்து, "நீங்க வெளியூர் ஆள், பக்கம் சாயமாட்டீங்க. சொல்லுங்க, கேட்டுக்கு நீலமா பச்சையா?" என்றார். அந்த மனிதர் என் கேட்டைக் கனவிலும் கண்டதில்லை. பச்சை என்றார். மற்ற இருவரும் பச்சைக்குக் கை தூக்கினார்கள்.

"நீலம் எண்டுதானே போனீங்க?" என்றாள் என் மனைவி.

"தோத்துப்போச்சு," என்றேன்.

இன்னொரு தடவை காக்காவுக்குப் பல்வலி. வலிப்பது மேல் பல்லா, கீழ்ப் பல்லா என்று முடிவெடுக்க எங்களைக் கூட்டினார்.

"வலி உங்கட வாய்க்குள்ள காக்கா. எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் பாயிஸ்.

"ஒராள்ட பேச்ச நம்பிப் பல்லக் கழட்ட ஏலுமா தம்பி?" என்றார் காக்கா. அந்த ஒராள் அவரேதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பான்மை என்ன சொன்னாலும் மறுபேச்சில்லாமல் கேட்பார். நாங்கள் சும்மா பகிடியாக மஞ்சள் சேர்ட்டுக்குக் கை தூக்கப்போய், நோன்புப் பெருநாள் முழுக்க மாம்பழம்போலத் தெருவில் திரிந்தார். "என்ன காக்கா இது?" என்று கேட்டவர்களிடம், "கொமிட்டி முடிவு," என்று கம்பீரமாகச் சொன்னார்.

அவர் மனைவி ஹாஜறா ராத்தா இதற்கு நேர் எதிர். நாங்கள் கூடி, தேநீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவதற்குள் ராத்தா காரியத்தை முடித்துவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பார். அதனால்தான் அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

இவர்களுக்கு ஒரே மகன், அஸ்மி. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவன். வாப்பாவுக்கும் சேர்த்து வாய் பேசாதவன். அவனுக்குச் சம்மாந்துறையில் பெண் பேசி முடிவாகியது. மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் வலீமா விருந்து எங்கள் ஊரில், காக்காவின் பொறுப்பு. மண்டபம், இறைச்சி, உடுப்பு எல்லாவற்றையும் ராத்தாவும் மகனும் ஒரு பின்னேரத்தில் பேசி முடித்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு என்ன இனிப்பு வைப்பது என்பதை மட்டும் காக்காவிடம் விட்டார்கள்.

"இதையாவது நீங்க பாருங்க," என்றார் ராத்தா.

சின்னப் பிள்ளையிடம் தீக்குச்சியைக் கொடுத்து, பத்திரமாக விளையாடு என்று சொன்ன மாதிரி.

மறுநாளே கொமிட்டி கூடியது. நான், செல்வராசா அண்ணன், பாயிஸ். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் அவர் வீட்டு முன்னறையில் எங்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு கோப்பை வட்டிலப்பம் தந்தார். முட்டையும் கித்துள் பனங்கட்டியும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து, வாயில் வைத்தால் காணாமல் போனது. நாங்கள் மூவரும் கோப்பையை வழித்துவிட்டு ஒரே குரலில் "இதுதான்" என்றோம்.

காக்கா எழுந்து சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், கோப்பையை ஆட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் ஆடுது, இல்லையா?"

"வட்டிலப்பம் எண்டா ஆடத்தானே வேணும்," என்றார் செல்வராசா அண்ணன்.

"கூட ஆடுது. நாளைக்கு ஐஸ்கிரீம் பாப்பம்."

ஐஸ்கிரீமையும் ஏகமனதாக நிறைவேற்றினோம். "கரண்ட் போனா?" என்றார். அடுத்த நாள் புடிங். நிறம் சோர்ந்திருக்கிறதாம். அதற்கு அடுத்து பாலுதா. கரண்டியால் சாப்பிடுவதா, குடிப்பதா என்று சனம் குழம்பிப்போகுமாம். மஸ்கட் அல்வா பல்லில் ஒட்டுமாம். தொதல் வந்த நாளில் செல்வராசா அண்ணன் வாயைத் திறக்காமலே கை தூக்கினார். வாயைத் திறக்க முடியவில்லை.

இப்படியே போனது. எனக்குக் காற்சட்டைக் கொளுக்கி பூட்டவில்லை. செல்வராசா அண்ணனிடம் இடுப்பைத் தளர்த்தக் கொண்டுபோனேன்.

"அங்க வெச்சிட்டுப் போங்க. முதல்ல என்ட காற்சட்டைய முடிக்கணும்," என்றார். "ஞாயிற்றுக்கிழமை கோயில்ல முழங்கால் போட்டனான். எழும்ப ஏலாமப் போச்சு. பக்கத்தில நிண்டவர் நான் நல்லா உருகிச் செபிக்கிறன் எண்டு நினைச்சிட்டார்."

பாயிஸ் மட்டும் குறை சொல்லவில்லை. "இந்தக் கலியாணம் இன்னும் ஒரு மாசம் பிந்தினா நல்லம்," என்று நாக்கைச் சப்பினான்.

சமையல்காரர் தொலைபேசியில் கத்தத் தொடங்கினார். முட்டைக்குச் சொல்ல வேண்டும், பனங்கட்டிக்குச் சொல்ல வேண்டும், அல்லது ஐஸ்கிரீம்காரனுக்குச் சொல்ல வேண்டும், யாருக்காவது ஒருவருக்குச் சொல்ல வேண்டும். காக்கா, "கொமிட்டி இன்னும் முடிவெடுக்கல்ல," என்று பொய் சொல்லித் தொலைபேசியை வைத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொமிட்டி ஒவ்வொரு நாளும் முடிவெடுத்துக்கொண்டுதான் இருந்தது. மஞ்சள் சேர்ட்டைக்கூட மறுக்காத மனிதர் இப்போது எங்கள் ஏகமனதுகளை ஒவ்வொன்றாகக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு நானே அடுப்படிக்குப் போனேன். ராத்தா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ராத்தா, காக்காவுக்கு என்ன நடந்த? ஒரு இனிப்பும் புடிக்குதில்லையே?"

ராத்தா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, எல்லா வேலையும் முடிஞ்சி. இந்த இனிப்பு ஒண்டுதான் மிச்சம். இதுவும் முடிஞ்சா, மறுகா புள்ள போறதுதான். அது வெளங்காமலா இவ்வளவு நாளும் இருந்து தின்னுறீங்க?"

எங்கள் பகுதியில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பெண்ணைப் பெற்றவர்களுக்கு மருமகன் வருவான். ஆணைப் பெற்றவர்கள் வலீமாவைக் கொடுத்துவிட்டு, மகனின் உடுப்புப் பெட்டியையும் கொடுத்தனுப்ப வேண்டியதுதான். இதையெல்லாம் தெரிந்துகொண்டே நான் தொதல் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

"நீங்க சொல்லலாமே ராத்தா?"

"என்னத்தச் சொல்ற? எனக்கும் அந்த மனுஷன் இழுத்தடிக்கிறது நல்லாத்தான் இருந்த," என்றார். மறுபடி மீனை எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காக்கா புதிய யோசனையோடு வந்தார். பெண் வீட்டாரின் கருத்தையும் எடுக்க வேண்டுமாம். ராத்தா, "போங்க, போய்ட்டு முடிவோட வாங்க," என்று ஒரு சட்டி வட்டிலப்பத்தைத் துணியில் கட்டித் தந்தார். பாயிஸின் ஓட்டோவில் நாலு பேரும் நெருங்கியடித்து ஏறினோம். காரைதீவுச் சந்தியில் திரும்பி, வீரமுனை தாண்டும் வரைக்கும் சட்டி என் மடியில். பள்ளத்துக்குப் பள்ளம் பாயிஸ் திரும்பிப் பார்த்து, "ஆடுதா?" என்று கேட்டான். காக்கா சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் கிடந்த வயலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெண்ணின் உம்மா எங்களை இருத்தித் தேநீர் தந்தார். காக்கா வந்த விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்ததும், அந்தத் தாய் சாதாரணமாகக் கேட்டார்:

"அதுக்கென்ன காக்கா. மருமகனுக்கு எது விருப்பம்?"

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இத்தனை நாளில் கொமிட்டி விவாதிக்காத ஒரே விஷயம் அதுதான்.

காக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவனுக்கு வட்டிலப்பம்தான். ஆனா ஏலக்காய் கூடா. சின்னப் புள்ளையில இரிந்தே அப்பிடித்தான். கலியாண ஊடுகளுக்குப் போனா, நல்லா இரிக்கி எண்டு சொல்லிட்டு, மெல்ல என்ட கோப்பைக்குள்ள தள்ளிருவான். ஒத்தருக்கும் தெரியா. எனக்குத் தெரியும்."

பெண்ணின் உம்மா தலையாட்டினார். காக்கா நிறுத்தவில்லை.

"மழ பெஞ்சாலும் ஃபேன் போட்டாத்தான் தூங்குவான். சாமத்தில போத்துவிடணும், அவனாப் போத்தமாட்டான். கோவம் வந்தா கத்தமாட்டான். மோட்டர்சைக்கிளக் கழுவுவான். கழுவின சைக்கிளத் திரும்பக் கழுவினா நல்ல கோவம் எண்டு அர்த்தம். அந்த நேரம் ஒண்டும் கேக்கக்கூடா. ஒரு பிளேன்டீ குடுத்தா போதும்..."

காக்கா கீழே வைத்த கோப்பையை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தார். செல்வராசா அண்ணன் சுவரில் தொங்கிய கலண்டரை ஊன்றிப் படிக்கத் தொடங்கினார். பாயிஸ் வண்டியைப் பார்த்து வருவதாகச் சொல்லி எழும்பினான்.

அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"வேற என்ன மாமா?"

காக்கா நிமிர்ந்தார். மருமகள்தான்.

"சொல்லுங்க மாமா, நான் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கன்."

காக்கா சொன்னார். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை சொன்னார். இடையில் ஒரு தடவையும் எங்கள் பக்கம் திரும்பி, "என்ன தம்பி சொல்றீங்க?" என்று கேட்கவில்லை. கடைசியில் எழுந்து, சட்டியைச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்துவிட்டு, வாசலில் நின்றபடியே சமையல்காரருக்குத் தொலைபேசி எடுத்தார்.

"வட்டிலப்பம். ஏலக்காய் போடாம."

மறுமுனையில் சமையல்காரர் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. "ஏலம் போடாத வட்டிலப்பம் எண்டு ஒண்டு துனியாவில இரிக்கா? என்ட பேரு கெட்டுரும் காக்கா! யாரு எடுத்த முடிவு இது? கொமிட்டியா?"

"இல்ல," என்றார் காக்கா. "நான்."

வலீமா அன்று மண்டபம் நிறைந்த கூட்டம். சஹன் என்று நாங்கள் சொல்லும் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, பிரியாணியில் ஒரு குறையும் காணாமல் சாப்பிட்ட சனம், வட்டிலப்பம் வந்ததும் நெற்றியைச் சுருக்கியது. "ஏலம் போட மறந்திட்டாங்க போல," என்ற முணுமுணுப்பு ஒரு சஹனிலிருந்து அடுத்த சஹனுக்குப் போனது. காக்கா அதன் பின்னாலேயே போனார்.

"மறக்கல்ல. என்ட முடிவு. நான் ஒராளா எடுத்த."

சொல்லச் சொல்ல நெஞ்சு நிமிர்ந்தது. யாரும் கேட்காத சஹனிலும் நின்று சொன்னார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரிடமும் சொன்னார்.

அஸ்மி மாப்பிள்ளைக் கோலத்தில் நடுவில் இருந்தான். முதல் கரண்டியை வாயில் வைத்தவன் நிமிர்ந்தான். பிறகு கூட்டத்துக்குள் வாப்பாவைத் தேடினான். அவர் அந்நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்கோ தன் முடிவை விளக்கிக்கொண்டிருந்தார். அஸ்மி அவசரமில்லாமல் கோப்பையை முடித்தான். பக்கத்திலிருந்தவரின் கோப்பையையும் கேட்டு வாங்கினான்.

அன்று பின்னேரம் அவன் சம்மாந்துறைக்குப் போனான். காக்கா வாசலில் நின்று கை காட்டினார். ராத்தா உள்ளேயே இருந்துவிட்டார்.

காக்கா இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் எங்களுக்கு அழைப்பு வந்தது. முன்னறையில் இனிப்பு ஒன்றும் இல்லை. வெறும் தேநீர்.

"ஒரு சின்ன விஷயம்," என்றார் காக்கா, எங்களைப் பார்க்காமல். "கலியாணம் முடிச்சுப் போன மகன்ட ஊட்டுக்கு ஒரு வாப்பா கிழமைக்கு எத்தின தரம் போகலாம்? மரியாத கெடாம."

"ஒருக்கா போனா அழகு," என்றான் பாயிஸ்.

"ரெண்டு தரம் போகலாம்," என்றார் செல்வராசா அண்ணன், காக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு.

காக்கா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"கொமிட்டி கதைச்சு முடியட்டும். நான் உடுத்திட்டன். ஓட்டோவத் திருப்பி வைக்கச் சொல்லுங்க!"

பாயிஸ் சாவியைத் தேடிக்கொண்டு ஓடினான். ராத்தா ஏறினார், காக்கா ஏறினார், செல்வராசா அண்ணனும் கடையைப் பூட்டாமல் வந்ததை மறந்து ஏறினார். இடம் இல்லை. சம்மாந்துறையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் காக்கா மெல்ல நகர்ந்து அரை ஆளுக்கு இடம் விட்டார், நானும் ஏறிக்கொண்டேன்.