தாய்மாமா கையில் சாக்பீஸ்

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஆட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் எதிரே இருப்பது யாரென்று மறந்துபோகும். இதனால் என் கல்யாணமே நின்றுபோயிருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்துப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். புதியம்புத்தூர் வரன் ஒன்று பேச்சில் இருந்தது. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மனசெல்லாம் அங்கேதான்.

வகுப்பிலோ 'நைட்' எழுதச் சொன்னால் பிள்ளைகள் நாலு விதமாக எழுதும். அண்ணனுடைய பழைய சீட்டுக்கட்டில் வெள்ளைத்தாள் ஒட்டி, சீட்டுக்கொரு வார்த்தை எழுதினேன். நைட், லைட், ரைட் என்று ஒரே முடிவுள்ள மூன்று சேர்ந்தால் ஒரு செட். (ரம்மியேதான், மறைப்பானேன்.) கள்ளாட்டம் ஆடினால் அந்த வார்த்தையைப் போர்டில் பத்து தடவை எழுத வேண்டும்.

ஒருநாள் தரையில் உட்கார்ந்து சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வேட்டியும் அக்குளில் தோல்பையுமாக ஒருவர் வந்து, சும்மா பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்ததாகச் சொன்னார். சொல்லாமல் வரும் கல்வி அதிகாரிகள் பேசுவதும் இப்படித்தான். பேர் வாங்கும் ஆசையில் அவரையும் உட்காரவைத்துச் சீட்டுப் போட்டேன். 'ஏ.இ.ஓ. சார்' என்று கூப்பிட்டேன். மனிதர் மறுக்கவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் ஒரு பிள்ளை எழுந்தாள். "டீச்சர், சார் ஒரு சீட்டைத் தொடைக்கடியில வச்சிருக்காவ."

பார்த்தால், இருந்தது! எனக்கு வந்த கோபத்தில் அதிகாரியாவது ஒன்றாவது, சாக்பீஸைக் கையில் கொடுத்துவிட்டேன். பத்து தடவை 'லைட்' எழுதினார். (பத்தும் பிழையில்லாமல். என் முறைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?) பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அம்மா கேட்டாள். "ஏட்டி, மாப்பிள்ளையோட தாய்மாமா உன்னைப் பத்தி விசாரிக்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாவளாமே?"

ஆளைக் காட்டிக்கொள்ளாமல் வந்து பெண்ணை விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். எனக்குத்தான் உறைக்கவில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் தரகர் வந்து, மாமா மாப்பிள்ளை வீட்டில் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். "பொண்ணு சீட்டாடுது, நெசந்தான். ஆனா என்னை ஆபீசர்னு நெனச்சும் கள்ளாட்டத்துக்கு விடல. நம்ம பய இவ கையிலதான் உருப்படுவான்."

அப்பாடா! அடுப்படிக்குள் போய் சந்தோஷத்தில் ஒரு பாட்டம் அழுதேன். பிறகு மூன்று நாள் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

இன்றும் என் வீட்டுக்காரர் ஒளித்துவைத்த மிக்சர் டப்பாவோடு பிடிபட்டால், எங்கள் பிள்ளைகள் சாக்பீஸைத்தான் தேடும். மாமா மட்டும் இத்தனை வருஷமாகியும் ஒத்துக்கொள்வதில்லை.

"நான் ஒளிச்சு வைக்கல தாயி. சீட்டு அதுவா நழுவி விழுந்துட்டு."