சார்ஜ் ஏற்றும் கனவான்

பேட்டரிக் கட்டையைக் கடையில் வாங்கிப் போட்டு, தீர்ந்ததும் தூக்கி எறிகிறவர்களைக் கண்டால் முகம் சுளிக்கிற மனித இனம் ஒன்று உண்டு. சமவெளியில் இது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தென்படும். கொடைக்கானல் குளிருக்குச் செழித்து வளர்கிறது. தோற்றத்தை வைத்து அடையாளம் காண முடியாது. எல்லாரையும் போல ஸ்வெட்டரும் மங்கி குல்லாயும்தான். ஆனால் கரண்ட் போகிற சமயம் பார்த்து அவர் வீட்டில் இருந்துகொண்டு, "ஒரு டார்ச் லைட் இருந்தால் கொடுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். டார்ச் லைட் வராது. விளக்கம் வரும். அதை இருட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஏழை என்று நினைத்து இரக்கப்பட்டுவிடாதீர்கள். ஏழை கையில் காசிருந்தால் கட்டை வாங்குவான், இல்லாவிட்டால் இருட்டில் தடவி நடப்பான். இரண்டுக்கும் கொள்கை வைத்துக்கொள்ள அவனுக்கு நேரமில்லை. கஞ்சன் என்றும் ஒதுக்கிவிட முடியாது. கஞ்சன் செலவைக் குறைப்பான். நம் கனவானோ சிக்கனத்துக்காக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிப்பார்.

சிலுவைராஜைப் பாருங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மிஷன் பள்ளி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். சார்ஜர் என்கிற வஸ்து கைக்கு வருவதற்கு முன்பே இவர் இந்த இனத்தின் மூத்த உறுப்பினர். அந்தக் காலத்தில் அவருடைய மார்க்கம் வெயில். தீர்ந்த கட்டையை வெயிலில் காயப்போட்டால் உயிர் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் கொடைக்கானல் வெயில் வெளிச்சத்துக்குத்தான் ஆகும், சூட்டுக்கு ஆகாது. அதனால் அவர் என்ன செய்தார்? தீர்ந்த கட்டைகளை மஞ்சள் பையில் கட்டி, வத்தலக்குண்டு பஸ் கண்டக்டர் நாச்சிமுத்துவிடம் கொடுத்தனுப்பினார். அவை கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டு இறங்கி, வத்தலக்குண்டில் சின்னம்மா மகன் வீட்டு மொட்டை மாடியில் மோர் மிளகாய்க்குப் பக்கத்தில் படுத்துக் காய்ந்து, மறுபடியும் பஸ் ஏறி, மலைக்காற்று வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தன. வந்த அன்று ரேடியோவில் மாநிலச் செய்தி பாதி வரைக்கும் கேட்டது.

"பாத்தியா" என்றார், மனைவி கித்தேரியம்மாளிடம்.

மீதிப் பாதியில் மாநிலத்தில் என்ன நடந்ததோ, அந்த வீட்டுக்குத் தெரியாது.

பிறகு ஒரு வெள்ளைக்கார வாத்தியார் ஊருக்குக் கிளம்பினார். கிளம்புகிற வெள்ளைக்காரர் தம் சாமான்களை வேலைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். சமையல்காரருக்கு இரும்புச் சட்டி, தோட்டக்காரருக்கு மழைக்கோட்டு, காவல்காரருக்கு பூட்ஸ். சிலுவைராஜுக்கு ஒரு சார்ஜரும் அதில் ஏற்றி ஏற்றிப் பயன்படுத்துகிற நாலு பென்சில் கட்டைகளும். இரும்புச் சட்டியில் அன்றே குழம்பு கொதித்தது. சார்ஜரோ அமெரிக்கக் கரண்டுக்குச் செய்தது. நம் கரண்டில் சொருகினால் கருகிவிடும். கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற கனத்த பெட்டி ஒன்றை மதுரைக்குப் போய் வாங்கி வந்தார். அந்தப் பெட்டியின் விலைக்கு இரண்டு தலைமுறைக்குக் கட்டை வாங்கியிருக்கலாம். அதைச் சொல்லுகிற தைரியம் யாருக்கு இருந்தது? வீட்டிலிருந்த ஒரே பிளக்கைச் சார்ஜர் எடுத்துக்கொண்டது. இஸ்திரிப் பெட்டிக்கு இடமில்லாமல் துணிகள் கசங்கலோடு பூசைக்குப் போயின.

அன்று முதல் வெயிலில் காயப்போடுவது மூடநம்பிக்கை ஆயிற்று. கடையில் வாங்குவது ஊதாரித்தனம் ஆயிற்று. இரண்டுக்கும் நடுவே சத்தியத்தைக் கண்டவராகச் சிலுவைராஜ் மட்டும் நின்றார்.

சத்தியத்துக்கு விதிகள் இருந்தன. கட்டையை முழுக்கக் காலி செய்யாமல் சார்ஜ் ஏற்றக் கூடாது. அரைகுறையாக இருக்கும்போது ஏற்றினால் அது தன் கொள்ளளவை மறந்துவிடுமாம். ஆகவே மிச்சமிருக்கிற சக்தியை இறக்க, சின்ன டார்ச்சில் போட்டு, பகலெல்லாம் ஜன்னலில் எரியவிடுவார். இறக்கி முடித்தபின் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஏற்ற வேண்டும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. கொடைக்கானலில் கரண்ட் போகாத ஒரு பகலும் ஒரு ராத்திரியும் சேர்ந்து வருவது எப்படிப்பட்ட அதிசயம் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

வில்பட்டியிலிருந்து கோசுக்கூடையோடு வருகிற பாப்பம்மாள் ஒரு நாள் அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்கம்மா, பட்டப்பகல்ல லைட்டு எரிஞ்சுக்கிட்டுக் கெடக்கு?"

"அதக் காலி பண்றாங்க" என்றாள் கித்தேரியம்மாள்.

"எதுக்குங்க?"

"திரும்ப ஏத்துறதுக்கு."

பாப்பம்மாள் கூடையை இறக்கி வைத்து யோசித்தாள். "அப்ப எப்பங்க அத அடிச்சுப் பாப்பீங்க?"

கித்தேரியம்மாள் கோசின் பக்கம் பேச்சைத் திருப்பினாள். வீட்டுக்குள் இருந்த சிலுவைராஜுக்கு அந்தக் கேள்வி கேட்டது. படிக்காத சனம் என்று மனதுக்குள் மன்னித்துவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மகள். இசபெல்லா. தாண்டிக்குடி காப்பி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்க்கிற செபாஸ்டினுக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். அவளுக்கும் பிடித்திருந்தது, அவனுக்கும் பிடித்திருந்தது. பேசி முடிக்க வேண்டியது பெரியவர்கள். அதுவும் அன்றைக்கே முடிக்க வேண்டும். அடுத்த புதன்கிழமை திருநீற்றுப் புதன்; தபசு காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் எந்தக் கல்யாணத்தையும் பேசி முடிக்க மாட்டார்கள். அதற்குள் செபாஸ்டினுக்குப் பெண் கொடுக்கக் கோம்பைப் பக்கத்தில் இன்னொரு வீடு காத்திருந்தது. அது செபாஸ்டினின் அம்மா புஷ்பமேரியின் அண்ணன் வீடு வேறு.

செபாஸ்டின் பண்ணையை விட்டு வர முடியவில்லை. அப்பா மரியசூசையும் அம்மா புஷ்பமேரியும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மரியசூசை எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். காது மந்தம். சட்டைப்பையில் ஒரு காது மிஷின், அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் அவருடைய காது. பெண்ணின் தகப்பன் வாயால் "குடுக்கிறேன்" என்று சொல்லி, தன் காதால் அதைக் கேட்டால்தான் சம்மதம் என்பார். அந்தக் காலத்து மனிதர்.

தேநீர் வந்தது, கேக் வந்தது. பேச்சு பையனின் சம்பளத்தைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, தேதியை நெருங்கிக்கொண்டிருந்தபோது மரியசூசை சட்டைப்பையைத் தட்டினார். திருகினார். மறுபடி தட்டினார்.

"கட்டை தீந்துபோச்சுங்க" என்றார், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில். "பக்கத்துல கடை இருக்குங்களா? ஒரு பென்சில் கட்டை வாங்கணும்."

கடை எதிர்ச் சரிவில்தான் இருந்தது. இசபெல்லா உள்ளறையிலிருந்து எழுந்துவிட்டாள்.

"நீ உக்காரு" என்றார் சிலுவைராஜ்.

அவர் நெஞ்சு விம்மியது. கட்டை தேவைப்படுகிற ஒரு மனிதர், ஒரு பெரிய மனிதர், வலிய அவர் வீடு தேடி வந்து கேட்கிறார். இந்த நாளுக்காகத்தானே அவர் இத்தனை நாளும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்? கல்யாணம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அலமாரியிலிருந்து முதல் கட்டையை எடுத்துத் துடைத்து, தன் கையாலேயே மிஷினில் போட்டார். மரியசூசையின் முகம் மலர்ந்தது.

"இது கடையில வாங்கின கட்டை இல்லீங்க" என்று ஆரம்பித்தார் சிலுவைராஜ். அதுவரைக்கும் மரியசூசைக்குக் கேட்டது. அதோடு மிஷின் நின்றது.

இரண்டாவது கட்டை போட்டதும் மிஷின் குக்கர் மாதிரி விசிலடித்து அடங்கியது. மூன்றாவது ஜன்னலில் டார்ச்சுக்குள் இருந்தது. காலையிலிருந்து அதைக் காலி செய்யும் வேலை நடந்து, முழு வெற்றி கிடைத்திருந்தது. நாலாவது சார்ஜரில் இருந்தது.

"கரண்டு வெள்ளனே போனதுங்க" என்றாள் கித்தேரியம்மாள். "கடையிலேயே ஒண்ணு வாங்கிட்டு வந்துரலாமே."

"வந்துரும்."

"கடைக்காரனா?"

"கரண்டு."

கரண்ட் வரும் வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று சிலுவைராஜ் விளக்கத் தொடங்கினார். ஏற்றுவது, இறக்குவது, மறதி, அமெரிக்கா, மதுரைப் பெட்டி. மரியசூசை மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே கேக்கைத் தின்றார்.

"அவருக்குக் கேக்காதுங்க" என்றாள் புஷ்பமேரி.

"தெரியும்ங்க" என்றார் சிலுவைராஜ். "ஏன் கேக்கலங்கிறதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

வெளியே ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான். மேகம் இறங்கிவிட்டால் அந்த ரோட்டில் வண்டி ஓட்ட மாட்டான். புஷ்பமேரி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அப்ப ஒண்ணு செய்வோம் மதினி. ஈஸ்டர் கழியட்டும். அதுக்குள்ள கோம்பையிலயும் ஒரு வார்த்தை பேசணும், எங்க அண்ணன் ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருக்காரு."

கித்தேரியம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி, சார்ஜரின் சிவப்பு விளக்கு எரியப்போகிறதா என்று குனிந்து பார்த்தபடியே விளக்கத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார். சமையலறைக் கதவு திறந்து மூடிய சத்தத்தை அவர் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது மறுபடி திறந்து மூடியதையும் கவனிக்கவில்லை. இசபெல்லா மூச்சிரைக்க வந்து, வருங்கால மாமனாரின் கையில் புதுக் கட்டையை வைத்தாள். அவர் அதை மிஷினில் போட்டு, சத்தத்தை முழுசாகத் திருகினார்.

"வாங்க வேண்டியது, எறிய வேண்டியது" என்று சார்ஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் சிலுவைராஜ். "திரும்ப வாங்க வேண்டியது, திரும்ப எறிய வேண்டியது. இது ஒரு பொழப்பா? அந்த மாதிரி வீட்டுல எம்மகளக் குடுக்க மாட்டேன்னு இவகிட்டயே எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன்."

"நாங்க அந்த மாதிரி வீடுதாங்க" என்றார் மரியசூசை.

சிலுவைராஜ் திரும்பினார். மகளின் கையில் கடைக் காகிதம். விருந்தாளியின் முகத்தில் தெளிவு. எந்தக் கேள்விக்கும் விளக்கம் வைத்திருக்கிற மனிதருக்கு அன்று, அந்த ஒரு நிமிடம், சார்ஜ் இறங்கிவிட்டது.

"உங்களச் சொல்லலீங்க. பொதுவாச் சொன்னேன்."

"சரி, பொதுவா எறிஞ்சுக்கிட்டுப் போறோம். இப்ப எனக்குத் தெளிவாக் கேக்குது. பொண்ணக் குடுக்கிறீங்களா, இல்ல கரண்டு வந்த பெறகு சொல்றீங்களா?"

சிலுவைராஜ் சார்ஜரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். நியாயமாக ஒரு தகப்பனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அவர் யோசித்தார்.

"ஏங்க" என்றாள் கித்தேரியம்மாள். அந்த ஒரு சொல்லில் இருந்த சக்திக்கு மதுரைப் பெட்டி தாங்காது.

"குடுக்கிறேன்" என்றார் சிலுவைராஜ், கடையில் கட்டை வாங்க நேர்ந்த மனிதனின் குரலில்.

"பொண்ணு வெரசான புள்ள" என்று மரியசூசை மனைவியிடம் சொன்னார். "நம்ம வீட்டுக்கு ஆகும்." புஷ்பமேரி சால்வையைத் தளர்த்தினாள். ஜீப்பில் ஏறும்போது மரியசூசை தம் பழைய கட்டையைப் பையிலிருந்து எடுத்து, பள்ளத்தில் வீசினார். அது விழுந்த இடத்தைச் சிலுவைராஜ் கண்ணால் குறித்துக்கொண்டார். ஜீப் வளைவில் மறைந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்.

அவமானப்பட்ட மனிதர் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. பள்ளத்திலிருந்து மீட்ட அந்தக் கடைக் கட்டையையும் அவர் சார்ஜரில் சொருகினார். ஏற்றிப் பயன்படுத்துகிற கட்டைக்குத்தான் சார்ஜர், மற்றதற்கு இல்லை என்று அதன் பெட்டியிலேயே போட்டிருந்தது. ஆனால் மறுநாள் டார்ச் பளிச்சென்று எரிந்தது. அதற்கடுத்த வாரமும் எரிந்தது. சம்பந்தி வீட்டார் தாண்டிக்குடியிலிருந்து கொடுத்தனுப்பிய தீர்ந்த கட்டைகளையெல்லாம் அவர் ஏற்ற ஏற்ற, எல்லாம் புத்தம் புதிதாக எரிந்தன. இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிக் கோயில் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் அவர் பேசாத நாளில்லை. கித்தேரியம்மாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். எதிர்ச் சரிவுக் கடைக்காரருக்கு மட்டும், அவள் அடிக்கடி வந்து எதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போகிறாள் என்பது தெரியும். அவரும் நல்ல மனிதர், சொல்லவில்லை.

இதைப் படித்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் நீங்கள் கண்டுபிடித்த ஒரு முறை இருக்கும்: தேய்த்துப் போடுவதோ, மாற்றிப் போடுவதோ, சூடு காட்டுவதோ. அது சில நாள் பலித்து, சில நாள் சொதப்பினால் கவலையில்லை. நீங்கள் சாதாரண மனிதர். ஆனால் ஒரு நாளும் தவறாமல் பலிக்கிறதா? மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு? அப்படியானால் சமையலறைக்குப் போய்ப் பருப்பு டப்பாவைத் திறந்து அடியில் கைவிட்டுப் பார்க்காதீர்கள். உங்கள் நிம்மதியை உத்தேசித்துத்தான் சொல்கிறேன்.