சிவப்பு வண்டியின் எண்ணெய் அடைப்பு

உயிர் போனாலும் போகட்டும், வண்டி போகக் கூடாது. சனிக்கிழமை காலை பல் துலக்கும்போதே கண்ணாடிக்கடைக்காரர் இந்த முடிவுக்கு வந்துவிட்டார்.

வண்டி என்றால் ஏதோ தண்ணீர் வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பது வருஷத்துப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். உட்கார இரண்டே இடம். வீட்டிலோ மூன்று பேர். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் அதன் அடியில் மல்லாந்து கிடப்பார். மனைவி டயாலிசிஸ் வார்டில் நர்ஸ். அவளுக்கும் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. அன்று அவள் கணவனின் முகத்தைப் பார்த்ததைவிடப் பாதங்களைப் பார்த்ததுதான் அதிகம்.

புதன்கிழமை அவள் குண்டைப் போட்டாள்.

"எங்க ஆஸ்பத்திரி பல் டாக்டர் வண்டியைக் கேக்கறாரு. கொடுத்துடலாம். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்து கிளப்பிப் பாப்பாரு. ஒழுங்கா ஓடற மாதிரி வைங்க."

"ஓடலைன்னா?"

"ஓடாத வண்டியை யாருங்க வாங்குவா?"

மகள் உடனே அம்மா பக்கம் தலையாட்டினாள். வாக்கு இரண்டுக்கு ஒன்று. அந்த வீட்டில் எதிர்த்துப் பேசி அவர் ஜெயித்த வழக்கு இதுவரை ஒன்றுகூட இல்லை. ஆனால் மனைவி கேட்ட கடைசிக் கேள்வி அவர் காதில் தேனாகப் பாய்ந்தது.

சனிக்கிழமை அவள் டியூட்டிக்குப் போனதும் ஷெட்டுக்குள் நுழைந்து என்ஜினின் மேல் மூடியைக் கழற்றினார். உள்ளே வால்வுகளைத் தட்டித் திறக்கும் ராக்கர்கள் ஒரு தண்டில் வரிசையாக இருக்கும். தண்டைத் தாங்க நாலு கால்கள். அத்தனைக்கும் எண்ணெய் ஏறி வருவது இரண்டாவது காலுக்கு அடியில் உள்ள ஒரே ஒரு சின்னத் துளை வழியாகத்தான். மூக்குக்கண்ணாடியில் மூக்கின் மேல் மெத்தென்று உட்காருமே ஒரு ரப்பர் பொட்டு, அதில் இரண்டைக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தார். தண்டைக் கழற்றி, பொட்டுகளைச் சுருட்டித் துளைக்குள் திணித்தார். எல்லாவற்றையும் பழையபடி பூட்டிக் கிளப்பிப் பார்த்தார். காய்ந்த ராக்கர்கள் டக் டக்கென்று கதறின. பெற்ற பிள்ளையைக் கிள்ளிவிட்டது போல அவருக்கு வலித்தது. என்ன செய்வது, வேறு வழியில்லை.

ஞாயிறு இரண்டரை மணிக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.

"போச்சு. எண்ணெய்ப் பாதையில அடைப்பு. எங்கயோ அடி ஆழத்துல. என்ஜினையே இறக்கிப் பிரிக்கணும். ஆறு மாசம் ஆகும்."

பதறுவாள் என்று பார்த்தார். அவள் நிதானமாகக் கையுறை மாட்டினாள்.

"வாங்க, பாக்கலாம்."

அவர் குறுக்கே வந்து நின்றார்.

"இதைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"குழாய்ல ரத்தம் ஓடுதா, எங்க நிக்குதுன்னு பாக்கறதுதானே என் பொழப்பு? கிளப்புங்க. முள் என்ன காட்டுது?"

எண்ணெய் அழுத்தம் காட்டும் முள், அவர் மானத்தை வாங்கவென்றே ஜம்மென்று மேலே ஏறி நின்றது.

"அழுத்தம் இருக்கு. அப்ப பம்ப் நல்லாத்தான் அடிக்குது. அடைப்பு அடியில இல்லைங்க, மேல."

"அப்படிச் சொல்லிட முடியாதும்மா. சில சமயம் முள்ளே பொய் சொல்லும்."

"முள்ளா?" என்று கேட்டுவிட்டு அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "நிறுத்துங்க. மூடியைக் கழட்டுங்க."

மணி மூன்று. கழற்றும்போது ஒரு நட்டு நழுவி உருண்டு ஓடியது. அதைத் தேடியதில் ஐந்து நிமிஷம் லாபம். அதற்குமேல் இழுக்க முடியவில்லை. மூடி திறந்தது. ராக்கர்களில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

அவள் ஸ்பேனரால் முதல் காலைத் தொட்டாள். தொட்டது என்ஜினை, பார்த்தது கணவனை.

"இங்கயா?"

"இருக்கலாம்."

நாலாவது கால். "இங்க?"

"அங்கதான் இருக்கும். நல்லாத் தேடு."

மூன்றாவது. "இங்க?"

"அங்கயும் இருக்கலாம்."

ஸ்பேனர் இரண்டாவது காலுக்கு வந்தது.

"அதைத் தொடாதே! அதுல அடைப்பே இல்லை!"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று கத்தி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"பேஷண்ட்டை அழுத்திப் பாக்கும்போது நாங்க வயித்தைப் பாக்க மாட்டோம். முகத்தைத்தான் பாப்போம்" என்றாள் அவள்.

தண்டு கழன்றது. சாமணத்தால் துளைக்குள்ளிருந்து பொட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஐம்பது வருஷத்துப் பழைய என்ஜினுக்கு மூக்குக்கண்ணாடி போட்டது யாருங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார். மணி மூன்றரை தாண்டிவிட்டது.

"இந்த வண்டின்னா எனக்கு உசிரும்மா" என்றார். நடிப்பில்லை, குரல் நிஜமாகவே உடைந்தது.

அவள் பொட்டுகளை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

"வேற எங்கயாவது கை வச்சீங்களா?"

"சத்தியமா இல்லை."

"எதையாவது உடைச்சீங்களா?"

"நானா? இதையா?"

அவள் பொட்டுகளைத் துடைத்தாள். சுருட்டினாள். அதே துளைக்குள் திரும்பத் திணித்தாள்.

"பூட்டுங்க."

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாறு வருஷமாக இந்தத் தங்கத்தைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு நட்டுகளை முறுக்கினார்.

சரியாக நாலு மணிக்குப் பல் டாக்டர் வந்தார். பின்னாலேயே ஒரு லாரியும் வந்தது. அந்த லாரியைக் கண்ணாடிக்கடைக்காரர் கவனித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

கிளப்பினார். டக் டக் டக்.

"பாருங்க சார், எண்ணெய் ஏறலை. அடைப்பு" என்றார் பல் தெரிய.

டாக்டர் மூடியில் காது வைத்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"அடடா! எங்க அடைப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நானே கண்டுபிடிக்கணும். நல்லா ஓடற வண்டியை வாங்கிட்டு ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்றது? கோளாறு இருந்தாத்தான் வேணும்னு சிஸ்டர்கிட்ட அப்பவே சொல்லிட்டேனே!"

வண்டியை ஏற்றிக்கொண்டு லாரி திரும்பித் தெருமுனையில் மறைந்தது. சிவப்பு கண்ணை விட்டுப் போகும்வரை அவர் வாசலிலேயே நின்றார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று அன்றுதான் அவருக்கு முழுதாகப் புரிந்தது.

"அப்புறம் எதுக்குடி அவ்வளவு நேரம் குடைஞ்சே?"

"நெசமாவே எதையாவது உடைச்சுத் தொலைச்சிருந்தீங்கன்னா? பாவம், அந்த மனுஷன் ஏமாறக் கூடாதே."

"ஒழுங்கா ஓடற மாதிரி வைங்கன்னு நீதானே சொன்னே? நான் கெடுத்து வைப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கையுறையைக் கழற்றினாள்.

"பதினாறு வருஷத்துல, ஒண்ணை ஒழுங்கா வைங்கன்னு நான் சொல்லி, நீங்க என்னிக்குங்க வச்சிருக்கீங்க?"