ரிஜெக்ட் சார் பாஸ் செய்த துப்பாக்கி

இந்த உலகத்தில் ரிஜெக்ட் சார் குறை சொல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஒரு துப்பாக்கி. மற்றபடி ஆவடிப் பக்கம் எங்கள் சேக்காட்டில் அவர் கண்ணில் பட்டுத் தப்பித்தது எதுவும் கிடையாது. எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் கோபுரம் அரை இஞ்ச் கிழக்கே சாய்ந்திருக்கிறது என்று கும்பாபிஷேகத்தன்று குருக்களிடமே போய்ச் சொன்ன மனிதர் அவர்.

பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தாறு வருஷம் எக்ஸாமினராக இருந்தவர். தயாராகி வரும் சாமானை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் நீலப் பென்சிலால் டிக், இல்லாவிட்டால் சிவப்பால் பெருக்கல் குறி. அதுதான் வேலை. ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம் என்று வருமே, அந்தப் பென்சில் ஓய்வு பெற்ற பிறகும் அவர் காதை விட்டு இறங்கவில்லை. சிவப்பு முனை தேய்ந்துகொண்டே வந்தது. நீல முனை கடையில் வாங்கியபடியே இருந்தது. வண்டிக்காரர் கொண்டுவரும் கத்தரிக்காய், என் வீட்டுப் புது கேட், சொந்த மகளின் கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றிலும் பெருக்கல் குறி விழுந்திருக்கிறது. மாப்பிள்ளை மேல் போடவில்லையே தவிர, போட இடம் தேடினார் என்று அந்த மகளே ஒருமுறை என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அவருடைய நிஜப் பெயர் ஒன்று உண்டு. இங்கே எழுதினால் எங்கள் தெருக்காரர்களுக்கே யார் என்று தெரியாது.

அந்தத் துப்பாக்கி ஒரு மார்ட்டினி ஹென்றி. பழைய பட்டாளத்து ரைபிள். ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் காவலாளியாக இருந்த அவருடைய அப்பாவுக்கு, ஊரைக் காலி செய்த வெள்ளைக்காரத் துரை கொடுத்துவிட்டுப் போனது. கீழே ஒரு கைப்பிடி தொங்கும். அதை இழுத்தால் மேலே வாய் திறக்கும். ஒரே ஒரு தோட்டா போடலாம். பக்கவாட்டில் விக்டோரியா ராணியின் கிரீட முத்திரை. அப்பா காலத்து லைசென்ஸ் பிற்பாடு இவர் பெயருக்கு மாறியது. அதற்கான தோட்டா கடைகளை விட்டுப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அவரும் அதைச் சுட்டதில்லை, அவருடைய அப்பாவும் சுட்டதில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபிளானல் துணியும் எண்ணெயுமாக உட்கார்ந்துவிடுவார். மனைவி போய்ச் சேர்ந்து, மகள் பெங்களூரில் குடியேறிய பிறகு அந்த வீட்டில் அவரோடு இருந்தது அது ஒன்றுதான். அதனால் நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தாலும் கொஞ்சம் அளவாகத்தான் சிரிப்போம்.

ஆயுத பூஜையன்று தெருவே அவர் வீட்டு வாசலில் கூடும். துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம், பொரி, சுண்டல் எல்லாம் ஆனதும் பரிசோதனை நடக்கும். துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, காதில் இருக்கும் பென்சிலைக் குழாய்க்குள் போடுவார். விசையை இழுப்பார். உள்ளே இருக்கும் ஊசி முட்டித் தள்ள, பென்சில் குழாயை விட்டு ஒரு முழம் மேலே எகிறிக் குதிக்கும். நாங்கள் கை தட்டுவோம். தொழிற்சாலையில் ஊசிக்கு வலு இருக்கிறதா என்று பார்க்கிற முறையாம் அது. அந்த ஒரு நாள்தான் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ தெரியும்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடித்த பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்பது விதி. மூன்று தேர்தலுக்கு என் ஸ்கூட்டரில்தான் கொண்டுபோய்க் கொடுத்தோம். துப்பாக்கியைப் பூப்போட்ட போர்வையில் சுற்றி, எனக்கும் அவருக்கும் நடுவில் குறுக்காக வைத்துக்கொள்வார். அது என் முதுகில் இடிக்காமல் இருக்க நான் சீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு ஓட்டுவேன். ஒருமுறை ஆவடி சிக்னலில் பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோ டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, கர்ட்டன் ராடா?"

"துப்பாக்கி" என்றார் இவர்.

ஆட்டோவில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். "இந்த வயசுலயும் இன்னா லொள்ளு பாத்தியா நைனா" என்று பாராட்டிவிட்டு டிரைவர் கிளம்பிப் போனார். எல்லா இடத்திலும் இதே கதைதான். யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வார், ஒருவரும் நம்ப மாட்டார்கள். பொய் சொல்லத் தெரியாதவருக்கு இது ஒரு வசதி என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் அடுத்த போராட்டம். எழுத்தர் ரசீதில் 'பழைய துப்பாக்கி ஒன்று' என்று எழுதுவார். "நல்ல நிலையில் உள்ளதுன்னு சேத்து எழுதுங்க" என்று இவர் நிற்பார். எழுதும்வரை நகர மாட்டார். தேர்தல் முடியும்வரை வாரம் ஒரு தடவை போய், அதைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்களா, ஈரத் தரையில் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவார். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குக்கூட அவர் இத்தனை தடவை போனதில்லை.

முகப்பேரிலிருந்து ஒருவர் காரில் வந்தார். பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கிறவர், அதற்குரிய லைசென்ஸும் உள்ளவர். மார்ட்டினி என்றால் சேகரிப்பவர்கள் உயிரையே விடுவார்கள் என்று சொல்லிவிட்டு, மற்ற துப்பாக்கிகளைப் பற்றியும் இவரிடம் ஆசையாகக் கருத்துக் கேட்டார். த்ரீ நாட் த்ரீ நல்ல உழைப்பாளி, ஆனால் சத்தம் அதிகம் என்றார் இவர். ஜெர்மன் மவுசர் வேலை சுத்தம், ஆனால் தலைக்கனம். வெப்ளி ரிவால்வர் சினிமாக்காரர்களுக்குத்தான் லாயக்கு. வந்தவர் உருகிப்போய், தன் வீட்டு ஹாலில் விளக்கு வைத்து மாட்டிக்கொள்வதாகச் சொன்னார். எண்ணெய் யார் போடுவார்கள் என்று இவர் கேட்டார். ஷோவுக்குத்தானே, வார்னிஷ் அடித்துவிட்டால் போதும் என்றார் அவர். அவர் கொடுத்த விசிட்டிங் கார்டில் ரிஜெக்ட் சார் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கெட்ட காலம் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வந்தது. எழுபத்தெட்டு வயது, கண்ணில் ஆபரேஷன், கையில் நடுக்கம். இனிமேல் புதுப்பிக்க வழியில்லை என்றார்கள். மகளைக் கேட்டால் குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்தச் சனியன் வேண்டாம் என்றாள். முகப்பேர்க்காரருக்கே கொடுத்துவிடலாம் என்றால், வார்னிஷ் அடிக்கிறவருக்குத் தர மாட்டேன் என்றார் இவர். போலீஸில் ஒப்படைத்தால் அறுத்து உருக்கிவிடுவார்கள். நான் அலைந்து விசாரித்ததில் மிச்சம் இருந்தது ஒரே வழி. அது சுட முடியாத பழம்பொருள் என்று ஆர்மரர் எழுதிக் கொடுத்துவிட்டால், லைசென்ஸ் இல்லாமலே வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆர்மரர் என்பவர் போலீஸ் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவர்.

ஆர்மரரைப் பார்க்கப் போகும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் அவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டே போனேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. "சரி தம்பி, சரி தம்பி" என்றார்.

ஆர்மரர் தங்கமான மனிதர். போர்வையைப் பிரித்ததும் எழுந்தே நின்றுவிட்டார். இந்த மாடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாராம். "இதுக்குத் தோட்டாவே கெடைக்காதே. செயல்படாத பழம்பொருள்னு எழுதிடலாம், வீட்டுலயே வச்சுக்குங்க" என்று பேனாவை எடுத்தார். எடுத்தவர், ஒரு பேச்சுக்குத்தான், நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"என்ன பெரியவரே, வேலை செய்யாதுதானே?"

"வேலை செய்யும்."

நான் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்தி வைத்துக்கொண்டார். ஆர்மரர் இன்னொரு வழி விட்டுப் பார்த்தார். "நீங்க சுட்டிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றார் இவர். "அப்புறம் எப்படிச் சொல்றீங்க?"

காதிலிருந்து பென்சிலை எடுத்தார். துப்பாக்கியை நிமிர்த்தி, பென்சிலை உள்ளே விட்டு, விசையை இழுத்தார். பென்சில் எகிறி, எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரின் ஃபைல் மேல் போய் விழுந்தது. எத்தனையோ வருஷமாக உண்மையைச் சொல்லி ஒருவரும் நம்பாத மனிதரை, அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அன்றைக்கு நம்பினார்கள்.

"இதுக்கப்புறம் நான் எப்படிய்யா எழுதுறது?" என்றார் ஆர்மரர்.

"உள்ளத எழுதுங்க சார்."

எழுதினார். துப்பாக்கியை உள்ளே எடுத்துப் போனார்கள். ரசீதில் 'நல்ல நிலையில் உள்ளது' என்று யாரும் சொல்லாமலே எழுதியிருந்தது. ரிஜெக்ட் சார் பென்சிலைத் திருப்பிப் பிடித்து, அந்த வரிக்குப் பக்கத்தில் நீலத்தில் ஒரு டிக் போட்டார். நீல முனையை அவர் உபயோகித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்ததும் கத்திவிட்டேன். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது உங்கள் வீட்டில் இருந்திருக்குமே என்றேன். அவர் போர்வையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"உசுரு இல்லேன்னு எழுதின பேப்பரையும் வச்சுக்கிட்டு, தெனம் அது மொகத்துல எப்படி முழிப்பேன் தம்பி?"

எனக்கு வந்த கோபத்தில் நாலு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த நாலு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்தார் என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அடுத்த தேர்தல் வந்தது. ஒரு நாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து எழுத்தர் போன் செய்தார். "சார், உங்க பெரியவரு இங்க வந்து குந்திகினு கீறாரு. கொஞ்சம் வந்து இட்டுனு போங்க" என்றார். போய்ப் பார்த்தால், எண்ணெய்ப் புட்டியையும் ஃபிளானல் துணியையும் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கையில் அவர்கள் வாங்கிக் கொடுத்த டீ ஆறிக்கொண்டிருக்கிறது. மற்றவர்கள் ஒப்படைத்த துப்பாக்கிகள் மழை ஈரத்தில் துருப்பிடிக்குமே, துடைத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டாராம். எழுத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவருடையதை அறுத்து உருக்க அனுப்பி ரொம்ப நாளாகிவிட்டது, அவரிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

ஸ்கூட்டரில் ஏறினார். நான் என்னையறியாமல் சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். அவரும் பின்னால் தள்ளித்தான் உட்கார்ந்தார். நடுவில் துப்பாக்கி இருந்த இடம் காலியாக இருந்தது. சிக்னல் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"அது எங்க இருக்காம் தம்பி?"

"பத்திரமா இருக்கு சார். வாராவாரம் எண்ணெய் போடறாங்களாம்."

கோபுரம் அரை இஞ்ச் சாய்ந்தாலே கண்டுபிடிக்கிறவர் அவர். நான் சொன்ன அந்தப் பச்சைப் பொய்யை மட்டும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். இறங்கும்போது என் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார்.

போன மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும் மனைவி, நடுவில் இவ்வளவு இடம் எதற்கு, பின்னால் நகர்ந்து உட்காருங்கள் என்கிறாள். பழக்கதோஷம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். உண்மையைச் சொன்னால், நகர்ந்து உட்கார எனக்கு மனசு வரவில்லை.